எண்பத்தைந்தில் நின்ற எண்

சாயப்பட்டறையில் எல்லோரும் அவளைச் சமையலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த சலவைப் பெரியவர்கூட அப்படித்தான். பட்டறையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பதினான்கு வருஷமாக ஒன்பது பேருக்கு மதியச் சாப்பாடு செய்துபோட்டவள் அவள். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும்போது சோறும் காய்கறிச் சாறும் இறக்கியாகியிருக்கும். ஒருநாளும் பிந்தியதில்லை. தனக்கு உடம்பு முடியாத நாளிலும் வந்து பொங்கிப் போட்டுவிட்டுத்தான் போய்ப் படுப்பாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் அவள் புருஷன். நூல் கட்டுகளைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கைகள் மனுஷத் தோல் நிறத்தில் இருந்து அவள் பார்த்ததே இல்லை. நகக்கண்ணில் நீலம், விரல் இடுக்கில் பச்சை, உள்ளங்கை ரேகையில் கறுப்பு. எந்தச் சோப்புக்கும் மசியாது. மகள் பள்ளியில் படித்த காலத்தில், அப்பா கையெழுத்துப் போட்ட நோட்டில் எப்போதும் ஒரு கைரேகையும் சேர்ந்து விழுந்திருக்கும். இப்போது அந்த மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

அவர் அதிகம் பேசாதவர். தனக்கென்று ஒன்றைக் கேட்கத் தெரியாதவர். காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்தான் வாய் திறப்பார். அவர் வாய்விட்டுக் குறை சொல்கிற விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவள் சமையலில் உப்பு பற்றாது. தட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கும் கை நடுங்கிடுச்சா?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விடுவாள்.

நூலில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். பட்டறைக்கு உப்பு லாரியில் வந்து இறங்கும். இவ்வளவு உப்பு உள்ளேயே கிடக்கும்போது சமையலுக்கென்று தனியாக எதற்கு வாங்க வேண்டும் என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த வாரமே மேஸ்திரி சொல்லிவிட்டார். ஸ்டோர் அறை வாசலில் மூடி போட்ட நீல டிரம் ஒன்று நிற்கும். அதில் உப்பு. சமையல் ஜாடி காலியாகும்போதெல்லாம் தகரக் குவளையோடு போய் அள்ளி வருவாள். பதினான்கு வருஷமாக அப்படித்தான்.

அந்த வாரம் விடாமல் மழை. ஸ்டோர் அறைக் கூரை ஒழுகியது. உள்ளே இருந்தவற்றையெல்லாம் வாசல் பக்கம் உருட்டிவைக்கச் சொல்லி மேஸ்திரி ரேடியோவை ஏவினார். ரேடியோ என்றால் ஆள்தான். முப்பது வயது. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து மாலை சைக்கிளை எடுக்கிறவரை அவன் வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவன் உருட்டிவைத்ததில் இன்னொரு நீல டிரம்மும் இருந்தது. அதே அளவு, அதே மூடி. அதற்குள் சோடியம் நைட்ரைட். சில சாயங்களை நூலில் நிற்கவைக்கப் பயன்படும் ரசாயனம். பார்க்க அசல் உப்பு மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் உப்பும் கரிக்கும். மேலே ஒட்டியிருந்த காகிதம் மழையில் ஊறி எப்போதோ உரிந்து போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜாடி காலி. அவள் குவளையோடு போனாள். வாசலில் இரண்டு டிரம் நிற்பதைப் பார்த்தாள். கைக்கு எட்டின டிரம்மைத் திறந்தாள். உப்பு லேசாக மஞ்சள் அடித்தது, விரலில் ஒட்டியது. மழை ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாறு கொதித்ததும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு இருந்தது, ஆனால் எடுப்பாக இல்லை. இன்றைக்காவது அந்த மனுஷன் குறை சொல்லாமல் சாப்பிடட்டும் என்று இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். அவள் எப்போதும் போல எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிடுவதாக நின்றாள். புருஷன் முதல் வாய் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குத்தான் சரியா இருக்கு" என்றார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ ஒரு சத்தம் குறைகிற மாதிரிப் பட்டது. தொட்டிகள் கொதிக்கிற சத்தம் இருந்தது, மோட்டார் ஓடியது. பிறகுதான் புரிந்தது, ரேடியோவின் குரலைக் காணோம். எட்டிப் பார்த்தாள். நூல் கட்டின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவன், சாயத்தைக் குடிச்சியாடா என்று கேட்டுச் சிரித்தான். சாயப்பட்டறையில் ஒருவன் உதடு நீலமாக இருந்தால் யாருக்குப் பதறும்? சிரித்தவனே இரண்டு நிமிஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அவன் காது மடலும் நீலமாக இருந்தது. சாயம் அங்கே எப்படிப் போகும்? அவள் ஈரக் கையோடு மேஸ்திரியைக் கூப்பிட ஓடினாள்.

மேஸ்திரி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர். அவர் வந்து பார்த்தபோது நான்கு பேர் தரையில் கிடந்தார்கள். நூல் ஏற்றுகிற வேனில் ஒன்பது பேரையும் ஏற்றினார்கள். புருஷன் தன் காலிலேயே நடந்து வந்து, மற்றவர்களைத் தூக்கிவிட்டு, கடைசியில் ஏறினார். தலை கொஞ்சம் கனக்கிறது, வேறொன்றுமில்லை என்றார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கட்டில் ஆறுதான். மோசமாக இருந்தவர்களைக் கட்டிலில் போட்டு, மற்றவர்களை ஜன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி, நடுத்தர வயது, கைவேகம் உள்ளவள், ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள். துணி உலர்த்தும் கிளிப் மாதிரி இருக்கிற சின்ன மிஷின். ரேடியோவின் விரலில் எண்பத்தைந்து காட்டியது. சாயம் படிந்த விரல், அதனால்தான் என்று ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். எண்பத்தைந்து. காது மடலில் மாட்டிப் பார்த்தாள். எண்பத்து நான்கு. மூக்கில் ஆக்சிஜன் வைத்துக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். எண் அசையவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனாள். எண்பத்தைந்து. அதற்கடுத்தவனுக்கு எண்பத்தாறு.

பெஞ்சில் இருந்த புருஷனுக்கும் எண்பத்தைந்துதான். அவருக்கும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டாள். மிஷினை விரலிலேயே விட்டுவிட்டுச் சமையலம்மாவிடம் குனிந்து சொன்னாள்.

"இதுல ரெண்டு எண்ணு இருக்கு பாருங்க. மேல இருக்கிறது ஆக்சிஜன், கீழ இருக்கிறது நாடித் துடிப்பு. நீங்க மேல இருக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருங்க. எண்பதுக்குக் கீழ போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க."

சமையலம்மா தலையாட்டினாள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு எழுத்தில் எண்பத்தைந்து என்று எரிந்தது.

டாக்டர் இளவயதுப் பெண். ரேடியோவிடம் ரத்தம் எடுத்த ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டாள். பக்கத்திலேயே தன் விரலைக் குத்தித் தன் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டாள். அவளுடையது சிவப்பாகப் பரவியது. அவனுடையது ஆறிப்போன காப்பி நிறத்தில் கிடந்தது. காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. துணியைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே பெஞ்சுக்கு வந்தாள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்களா, என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். சமையலம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரிசி, காய், வெங்காயம், எண்ணெய்.

"உப்பு?"

"பட்டறை உப்புதான்மா. வாசல் டிரம்ல இருந்து எடுத்தேன்."

டாக்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த டிரம்மில் என்ன என்று கேட்டாள். உப்புதான் என்றார். நிச்சயமாகத் தெரியுமா என்றதற்கு, உப்பு டிரம்தான், வேறென்ன இருக்கப்போகிறது என்றார். பட்டறைக்குப் போன் செய்து கேட்கிறேன் என்று வெளியே போனவர் பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்தார். யாரிடம் பேசினாரோ, என்ன பேசினாரோ. டாக்டர் துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியதும்தான், பக்கத்தில் நைட்ரைட் டிரம்மும் இருந்தது என்று குரல் எழும்பாமல் சொன்னார்.

அதற்குள் டாக்டர் அவர் பதிலுக்குக் காத்திராமல் அலமாரியைத் திறக்கச் சொல்லியிருந்தாள். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து ஒன்று உண்டு, மெத்திலீன் ப்ளூ. மருந்தே சாயம்போல நீலம். எப்போதாவது தேவைப்படும் மருந்து என்பதால் அந்த ஆஸ்பத்திரியில் நான்கு பேருக்கு வருகிற அளவுதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். கொண்டுவருவதற்கு ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

நான்கு பேர் யார் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ரேடியோவுக்கு நினைவில்லை. இரண்டு பேருக்கு வலிப்பு. நான்காவதாகச் சலவைப் பெரியவருக்குப் பேச்சு மூச்சில்லை. டாக்டர் பெஞ்சுப் பக்கமும் வந்து பார்த்தாள். புருஷன் கண்ணைத் திறந்து பெயர், வயது, கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். பெரியவரைப் பாருங்க" என்றார்.

அடுத்த மருந்து வந்ததும் முதல் ஊசி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினாள். நர்ஸும் அவள் பின்னாலேயே ஓடினாள். பெஞ்சில் சமையலம்மாவுக்குச் சொன்ன வார்த்தையைத் திருத்த வேண்டும் என்று அந்த ஓட்டத்தில் நர்ஸுக்கு நினைவு வரவில்லை.

சமையலம்மா மேல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. எண்பத்தைந்து. ஒருதடவை எண்பத்து நான்கு ஆனது, அவளுக்கு உயிரே போய் வந்தது. மறுபடி எண்பத்தைந்து. கீழ் எண் நூற்றுப் பத்திலிருந்து நூற்று இருபத்தைந்து ஆனது. நூற்று நாற்பதும் ஆனது. கூடிக்கொண்டுதானே போகிறது, நல்லதுதான்போல என்று நினைத்தாள். புருஷன் ஜன்னல் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். விடிகாலையிலிருந்து தொட்டியடியில் நின்ற மனுஷன், அசந்து தூங்குகிறார், தூங்கட்டும் என்றிருந்தாள். அவர் கைக்கும் உதட்டுக்கும் இப்போது நிறத்தில் வித்தியாசமே இல்லை. அதையும் பார்த்தாள். ஆனால் எண் எண்பதுக்குக் கீழே போகவில்லையே. கூப்பிடச் சொன்னது எண்பதுக்குக் கீழே போனால்தானே. அந்தப் பக்கம் வலிப்புக் கண்டவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் இவர் தூங்குகிறார் என்று சொல்வதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு கீழ் எண் இறங்கத் தொடங்கியது. நூற்று நாற்பது நூறானது, எழுபதானது. எழுபது நல்ல எண் என்று அவளுக்குத் தெரியும், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது கேட்டிருக்கிறாள். கொஞ்சம் ஆசுவாசப்பட்டு அவர் நெற்றியைத் துடைத்தாள். நெற்றி சில்லிட்டிருந்தது. மறுபடி மிஷினைப் பார்த்தபோது அதில் எண்ணே இல்லை. இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. மிஷின் நழுவிவிட்டது என்று நினைத்து, கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். கோடு. அதற்கடுத்த விரலில் மாட்டினாள். சுண்டுவிரல் வரைக்கும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் நர்ஸைக் கூப்பிட்டாள்.

மருந்து மூன்று மணி தாண்டிப் பத்து நிமிஷத்துக்கு வந்தது. அதற்கு இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது. சலவைப் பெரியவர் மருந்து போட்டும் அன்று மாலை போய்ச் சேர்ந்தார். மற்ற ஏழு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் காலை, புருஷன் உடலை வாங்குவதற்கான காகிதங்களுக்காக அவள் வராந்தாவில் காத்திருந்தபோது வார்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த மருந்து போட்டவர்களுக்குச் சிறுநீர் நீலமாகப் போகும். இத்தனை வருஷம் வேலை செய்ததற்கு இப்போதுதான் முழுச் சாயக்காரன் ஆனேன் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ அவனிடம் வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

போலீஸ் விசாரணையில் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: எல்லோருக்கும் போட்டுவிட்டு நீ மட்டும் ஏன் சாப்பிடவில்லை? நான் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவேன் என்றாள். பதினான்கு வருஷம் யார் கண்ணிலும் படாத பழக்கம் இப்போது பெரிய குற்றமாக நின்றது. டிரம்மில் காகிதம் ஒட்டியிருந்தது, அவள்தான் படிக்காமல் எடுத்தாள் என்று மேஸ்திரி எழுதிக்கொடுத்தார். அவள் மறுத்துப் பேசவில்லை. எடுத்தது நான்தான், இன்னொரு கை அள்ளிப் போட்டதும் நான்தான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். இந்த அம்மா தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள் என்று எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரே முணுமுணுத்தார்.

அவளைக் காப்பாற்றியது ரேடியோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள், யாரும் கூப்பிடாமல், தானே ஸ்டேஷனுக்குப் போனான். டிரம்மை உருட்டிவைத்தது தான்தான், காகிதம் கிடையாது, இதை உப்புப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டதற்கு மழை விடட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்நாளிலேயே சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று பிறகு சொல்வார்கள். மேஸ்திரிக்கு வேலை போனது. வழக்கு இன்னும் நடக்கிறது. அவள் மேல் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பட்டறையில் இப்போது அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறார்கள். அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. நாத்தனார் காரியத்துக்கு வந்தபோது அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனாள்.

ஒரு மாதம் கழித்து அந்த நர்ஸ் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஒரே அறை வீடு. நாற்காலி ஒன்றுதான். அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"மேல் எண்ணைப் பாருங்கன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான்" என்றாள் நர்ஸ்.

"நீங்க சொன்ன மாதிரிதான் பார்த்தேன். அது குறையவே இல்லையே."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நர்ஸ் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக ஏறினால் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், ஏறாவிட்டால் கறுத்த சிவப்பாக இருக்கும். அந்த மிஷின் விரலுக்குள் இரண்டு வெளிச்சத்தை அனுப்பி, எந்தச் சிவப்பு எவ்வளவு என்று பார்த்து எண் சொல்கிறது. தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் கவலையில்லை, தொண்ணூறுக்குக் கீழே என்றால் ஆபத்து. நகச்சாயம் இருந்தாலும், விரல் குளிர்ந்து போயிருந்தாலும் தப்பாகக் காட்டும், அதனால்தான் முதலில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன் என்றாள். அன்றைக்கு வந்தது வேறு. நைட்ரைட் ரத்தத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது, அப்படி மாறின ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. அந்த நிறத்தை அந்த மிஷினுக்குத் தெரியாது.

"தெரியாதப்போ தெரியலன்னு சொல்லத் தெரியல அதுக்கு. எண்பத்தஞ்சுன்னு காட்டிட்டு அங்கேயே நின்னுடும். உள்ள அம்பதா இருந்தாலும் அதேதான், முப்பதா இருந்தாலும் அதேதான். அன்னைக்கு நீங்க கீழ் எண்ணைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதை நான் பார்க்கச் சொல்லல. டாக்டர் கண்டுபிடிச்ச பிறகாவது ஓடி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்மா."

சமையலம்மா அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் நர்ஸ். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, தெருமுனை வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் ஒரு மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லித்தான் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மகள் தினமும் சாயங்காலம் போனில் பேசுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், பேரப்பிள்ளை செய்த குறும்பைச் சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள், வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தி, கடைசியில் அப்பா கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள்.

விடுதியின் பின்கட்டில் கழுவின தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சமையலம்மா குழாயை மூடினாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். ஆனா நான் அவரைப் பார்க்கல, எண்ணைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

போனுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மகள், வெள்ளிக்கிழமை வருகிறேன், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு, சமையலம்மா விடுதிக்காரரிடம் சனிக்கிழமை விடுப்புக் கேட்கப் போனாள்.